பிபிசி மைக்ரோவும் மிடி இடைமுகமும்: பழுது தேடும் முறை

இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் 1981ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட பிபிசி மைக்ரோ என்னும் வீட்டுக் கணினி, 1984இல் இந்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தின் வழியாக இந்நாட்டு வகுப்பறைகளுக்குள் நுழைந்தது. மொகாலியில் இயங்கிய செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் அதே கணினியை 'எஸ்சிஎல் யூனிகார்ன்' என்ற பெயரில் இங்கேயே தயாரித்தது. பெங்களூரில் ஒருவர் பழைய எட்டுபிட் கணினி ஒன்றை மீட்டு, அதனோடு மின்னணு விசைப்பலகையை இணைத்து இசைக்க முனைந்தால், அதற்கு ஏற்ற பொறிகளுள் இது முதன்மையானது. விரிவாக்க இணைப்பிகள் பல அதன் அடிப்பகுதியிலேயே அமைந்திருப்பதும், சுற்று வரைபடங்கள் முழுமையாக வெளியிடப்பட்டிருப்பதும் அதற்குக் காரணங்கள்.

கணினியையும் இசைக்கருவியையும் பேசவைக்கும் மிடி என்னும் பொதுமுறை 1983இல் நடைமுறைக்கு வந்தது. அதில் ஒலி செல்வதில்லை. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தத்துடன், எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்ற செய்திகள் மட்டுமே நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. ஒவ்வொரு பைட்டுக்கும் தொடக்க பிட் ஒன்றும் முடிவு பிட் ஒன்றும் சேர்வதால் ஒரு பைட் செல்ல 320 மைக்ரோநொடி ஆகிறது. பிபிசி மைக்ரோவில் உள்ள தொடர் இணைப்பியின் உச்ச வேகம் 19,200 பிட் மட்டுமே என்பதால் அதன் வழியாக மிடி செல்ல இயலாது. எனவே 'ஒரு மெகாஹெர்ட்ஸ் பஸ்' எனப்படும் 34 முனை விரிவாக்க இணைப்பியில், 6850 என்னும் தொடர்வழித் தொடர்புச் சில்லைக் கொண்ட தனி இடைமுகப் பலகை பொருத்தப்படுகிறது. கொமடோர் 64 கணினிக்கான பல மிடி பலகைகளிலும், மிடி வசதியுடனேயே 1985இல் பிறந்த அட்டாரி எஸ்டியிலும் இதே 6850 சில்லுதான் இருக்கிறது. ஆகையால் இங்கே கூறப்படுவனவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை அவற்றுக்கும் பொருந்தும்.

ஒலி வரவில்லை என்றவுடன் சில்லைக் கழற்றி வேறொன்றை வாங்கிப் பொருத்தும் வழக்கம் பழுது பார்ப்போரிடம் வேரூன்றியிருக்கிறது. இந்த இணைப்பைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் வீண்செலவு. 6850 எளிதில் கெடுவதில்லை; கெடுபவை மின்வழங்கி, நாடாக் கம்பியின் முனைகள், ஒளியிணைப்பி, கம்பிவடம் ஆகியவைதான். ஒவ்வொரு சோதனையும் பழுது இருக்கக்கூடிய இடங்களை இரண்டாகப் பிரித்து அவற்றுள் ஒன்றை ஐயத்திற்கு அப்பால் தள்ளுவதாக அமைந்தால், சில்லைத் தொடுவதற்கு முன்பே விடை தெரிந்துவிடும்.

மின்சாரம்

பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்த பிபிசி மைக்ரோவை அப்படியே மின்செருகியில் செருகுதல் கூடாது. அதன் மின்வழங்கியில் இரைச்சலை வடிகட்டுவதற்காக வைக்கப்பட்ட ரிஃபா வகைக் காகித மின்தேக்கிகள், அதாவது கடைக்காரர்கள் கண்டென்சர் என்று அழைக்கும் உறுப்புகள், காலப்போக்கில் மேலுறையில் மயிரிழை வெடிப்பு கண்டு, அதன் வழியே ஈரத்தை உள்வாங்கி, மின்சாரம் பாய்ந்த சில நிமிடங்களில் வெடித்து நாற்றமிக்க புகையைக் கக்குவதற்குப் பெயர்பெற்றவை. 0.1 மைக்ரோஃபாரட், 0.01 மைக்ரோஃபாரட் அளவுள்ள அவ்விரண்டையும், 275 வோல்ட் தாங்கும் எக்ஸ்2 வகைப் புதிய மின்தேக்கிகளால் முன்கூட்டியே மாற்றிவிட வேண்டும். பெங்களூரின் சாதர் பத்ரப்பா சாலையில், ஊரார் வழக்கில் எஸ்.பி. ரோட்டில், உள்ள உதிரிபாகக் கடைகளில் கேட்கும்போது 'எக்ஸ்2' என்ற சொல்லை விடாமல் சொல்லிக் கேட்க வேண்டும்; அளவு ஒன்றாக இருந்தாலும் சாதாரணப் பாலியெஸ்டர் மின்தேக்கி அந்த இடத்துக்கு ஏற்றதன்று. 230 வோல்ட் மின்சாரம் நேர்மின்னாக மாறியபின் மின்வழங்கியின் உட்புறத்தில் ஏறத்தாழ 325 வோல்ட் தேங்கி நிற்பதாலும், செருகியைப் பிடுங்கிய பின்னும் அது உடனே வடிந்துவிடாததாலும், பழக்கம் இல்லாதவர்கள் இந்த ஒரு வேலையை மட்டும் தேர்ந்த தொழில்நுட்பரிடம் ஒப்படைப்பதே முறை.

மின்வெட்டு நேரத்தில் வீட்டு இன்வெர்ட்டரில் கணினியை இயக்குவோர், அது சைன் அலை வகையா சதுர அலை வகையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சதுர அலையின் செங்குத்தான ஏற்ற இறக்கங்கள் மேற்சொன்ன வடிகட்டி மின்தேக்கிகளுக்குச் சுமையாவதோடு, இசைக்கருவியின் ஒலியிலும் ஓயாத இரைச்சலைச் சேர்க்கின்றன. மிடியின் பழுதென்று எண்ணி நாள்கணக்கில் தேடப்படும் 'கர்ர்' ஒலிக்குப் பல வேளைகளில் இன்வெர்ட்டரே மூலம்.

மின்சாரம் தொடர்பாக இடைமுகத்துக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. ஒரு மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸின் 34 முனைகளில் ஒன்றுகூட 5 வோல்ட் மின்சாரம் தருவதில்லை. அங்கே இருப்பவை தரை இணைப்புகளும் குறிப்பலைகளும் மட்டுமே. எனவே இடைமுகம் தனக்கு வேண்டிய மின்சாரத்தைக் கணினியின் அடிப்பக்கத்தில் உள்ள துணை மின்முனையிலிருந்தோ, பயனர் இணைப்பியிலிருந்தோ, தனி அடாப்டரிலிருந்தோ பெற்றாக வேண்டும். பழைய பலகை கைமாறி வரும்போது நாடாக் கம்பி மட்டும் வந்து மின்கம்பி தொலைந்துபோயிருப்பது வழக்கம். அந்நிலையிலும் தரவுக் கம்பிகளின் வழியாகக் கசியும் சிறு மின்சாரம் பலகையின் விளக்கை மங்கலாக எரியவைத்து, எல்லாம் ஒழுங்காக இருப்பதைப்போல ஏமாற்றக்கூடும். 6850 சில்லின் 1ஆம் காலுக்கும் 12ஆம் காலுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால் 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் மேற்கொண்டு எந்தச் சோதனையும் பொருளற்றது.

நாடாக் கம்பியும் பஸ்ஸும்

நாடாக் கம்பியின் செருகியில் தலைகீழாகச் செருகுவதைத் தடுக்கும் சிறு புடைப்பு ஒன்று இருக்கும். அது உடைந்திருந்தால், சிவப்புக் கோடு உள்ள ஓரம் 1ஆம் முனைப் பக்கம் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தே இணைக்க வேண்டும். கம்பியின் முனையில் உலோகப் பற்கள் காப்புறையைக் குத்திக் கம்பியைத் தொடும் அமைப்பே இருப்பதால், கம்பியைப் பிடித்து இழுத்துக் கழற்றிய பழக்கத்தால் ஓரிரு தொடுப்புகள் தளர்ந்துபோகும். பலகையை அசைக்கும்போது மட்டும் வேலை செய்யும் இடைமுகங்களின் இரகசியம் இதுவே. 34 முனைகளையும் மல்டிமீட்டரின் ஒலிச்சோதனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பது சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் மாற்று வழி இல்லை.

இதைவிட நுட்பமான பழுது கணினியின் அமைப்பிலேயே இருக்கிறது. 6502 மையச்செயலி 2 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடுகிறது. ஒரு மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் உள்ள சாதனத்தை அது அழைக்கும்போது தன் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறது. அந்த மாற்றம் நிகழும் நொடித்துளியில் 'இந்தப் பக்கம் தேர்ந்தெடுக்கப்பட்டது' என்று அறிவிக்கும் தேர்வுக் குறிப்பலை, உரிய நேரத்துக்கு முன்பே பொய்யாக ஒருமுறை துடிக்கக்கூடும். அதைத் தடுக்க, கடிகாரக் குறிப்பலையோடு சேர்த்து வடிகட்டும் சிறு சுற்று ஒன்று இடைமுகத்தில் இருத்தல் வேண்டும் என்று ஏகார்னின் தொழில்நுட்பக் குறிப்பே பரிந்துரைக்கிறது. வீட்டில் கட்டிய பலகைகளில் சிக்கனம் கருதி இது விடப்பட்டிருந்தால், எழுதாத எண் பதிவகத்தில் தோன்றுவதும் வந்த பைட் படிக்கப்படாமலேயே மறைவதும் நிகழும். ஒரு கணினியில் ஒழுங்காக இயங்கிய பலகை மற்றொரு கணினியில் தடுமாறினால் முதலில் ஐயுற வேண்டியது இந்தச் சுற்றையே.

சில்லோடு நேரடியாகப் பேசுதல்

பிபிசி பேசிக் மொழியில் கேள்விக்குறியை முகவரிக்கு முன் இட்டால் அந்த நினைவிடத்தைப் படிக்கவும் எழுதவும் முடியும். ஒரு மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸின் முதற்பக்கம் 64512 முதல் 64767 வரை உள்ள முகவரிகளில் அமைகிறது. இடைமுகத்தின் அடிப்படை முகவரி 64512 என்று கொண்டால், அதில் கட்டளைப் பதிவகமும் நிலைப் பதிவகமும், அடுத்ததாகிய 64513இல் தரவுப் பதிவகமும் இருக்கும்; உண்மையான முகவரியைப் பலகையின் கையேட்டிலிருந்தோ சுற்றுப்படத்திலிருந்தோ அறிந்து இவ்வெண்களை மாற்றிக்கொள்ள வேண்டும். 6850க்கு மீட்டமைப்புக் கால் கிடையாது. விசைப்பலகையில் பிரேக் விசையை எத்தனை முறை அழுத்தினாலும் அது பழைய குழப்பத்திலேயே நீடிக்கும். கட்டளைப் பதிவகத்தில் 3 என்று எழுதுவதே அதனை மீட்டமைக்கும் ஒரே வழி. ஆகவே ?64512=3 என்று எழுதி, அடுத்து ?64512=21 என்று எழுத வேண்டும். இரண்டாவது எண், கடிகாரத்தை 16ஆல் வகுத்து, எட்டு தரவு பிட்டும் ஒரு முடிவு பிட்டும் கொண்ட வடிவில் பேசுமாறு சில்லுக்கு ஆணையிடுகிறது.

இப்போது 64512ஐப் படித்தால் 2 என்ற எண் வர வேண்டும். 'அனுப்பத் தயார், எதுவும் வரவில்லை' என்பது அதன் பொருள். 8 வந்தால் சில்லின் 24ஆம் காலும், 12 வந்தால் அதனோடு 23ஆம் காலும் தரையோடு இணைக்கப்படாமல் மிதக்கின்றன என்று அறியலாம். மோடத்துக்காக வகுக்கப்பட்ட அவ்விரு கால்களும் மிடியில் தேவையற்றவை. ஆனால் தரையிடப்படாவிட்டால் முன்னது அனுப்புவதையும் பின்னது பெறுவதையும் முடக்கிவிடும். என்ன எழுதினாலும் 255 மட்டுமே வந்தாலோ, படிக்குந்தோறும் எண் மாறினாலோ, அந்த முகவரியில் சில்லு பதிலளிக்கவே இல்லை என்று கொண்டு, முகவரியையும் நாடாக் கம்பியையும் மீண்டும் பார்க்க வேண்டும். கணினியில் இரண்டாம் செயலி பொருத்தப்பட்டிருந்தால் கேள்விக்குறி முறை அச்செயலியின் நினைவகத்தையே காட்டும் என்பதால், சோதனையின்போது அதனை நிறுத்திவைப்பது நல்லது.

இசை நிரலை இயக்கியவுடன் கணினி முற்றிலும் உறைந்துபோவது வேறு வகை. நிரல் 21க்குப் பதிலாக 149 என்று எழுதினால், பைட் வரும்போதெல்லாம் செயலியின் வேலையை இடைமறிக்கும் குறுக்கீடு இயக்கப்படுகிறது. அக்குறுக்கீட்டை ஏற்றுக் கையாளும் பகுதி நினைவகத்தில் இல்லாமல் போனால், அது தீர்க்கப்படாமலே திரும்பத் திரும்ப எழுந்து, செயலியை வேறு எதையும் செய்யவிடாது. கம்பிவடத்தைக் கழற்றிவைத்துத் தொடங்கினால் உறையாமலும், விசைப்பலகையை இணைத்தவுடன் உறைந்தும் போகும் கணினியில் பழுது மென்பொருளில் இருக்கிறது. சால்டர் இரும்பைச் சூடாக்க வேண்டியதில்லை.

வளையச் சோதனையும் அதன் பொய்யும்

இடைமுகத்தின் மிடி வெளியீட்டையும் உள்ளீட்டையும் ஒரே கம்பிவடத்தால் இணைத்து, 64513இல் 85 என்று எழுதினால், நிலைப் பதிவகம் 3 என்று காட்டி, தரவுப் பதிவகத்தைப் படிக்கும்போது அதே 85 திரும்ப வர வேண்டும். வந்தால் வெளியீட்டுச் சுற்று, கம்பிவடம், ஒளியிணைப்பி, உள்ளீட்டுச் சுற்று ஆகிய அனைத்தும் உயிரோடு இருக்கின்றன. 19 என்று காட்டினால் பைட்டின் முடிவு பிட் உரிய இடத்தில் இல்லை என்று பொருள். 35 என்பது முந்தைய பைட்டைப் படிப்பதற்குள் அடுத்தது வந்து மோதியதைக் குறிக்கும்.

ஆயினும் இந்தச் சோதனையில் தேறிய இடைமுகம் எந்த இசைக்கருவியோடும் பேசாமல் இருக்கக்கூடும். அனுப்புவதும் பெறுவதும் ஒரே கடிகாரத்தால் இயங்குவதால், அந்தக் கடிகாரமே தவறான வேகத்தில் ஓடினாலும் இருபுறமும் ஒரே தவற்றைச் செய்து ஒன்றையொன்று சரியென்று ஒப்புக்கொள்ளும். பஸ்ஸின் 1 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை 32ஆல் வகுத்தால்தான் 31,250 கிடைக்கும்; 6850க்கோ 1, 16, 64 ஆகிய வகுத்தல்கள் மட்டுமே தெரியும். ஆகவே 74எல்எஸ்74 போன்ற ஒரு ஃப்ளிப்ஃப்ளாப் சில்லு கடிகாரத்தை முதலில் பாதியாக்கி, 500 கிலோஹெர்ட்ஸாக 6850இன் 3, 4ஆம் கால்களுக்கு அளிக்கிறது. சில பலகைகள் தமக்கெனத் தனிப் படிகத்தைக் கொண்டு 2 மெகாஹெர்ட்ஸை அளித்து 64ஆல் வகுக்கின்றன. அவற்றுக்கு 21க்குப் பதிலாக 22 எழுத வேண்டும். ஒரு நிறுவனத்தின் பலகையில் மற்றொரு நிறுவனத்தின் மென்பொருளை இயக்குவோர் விழும் குழி இது: 2 மெகாஹெர்ட்ஸை 16ஆல் வகுத்தால் வேகம் நான்கு மடங்காகிவிடும், வளையச் சோதனையோ புன்னகையோடு தேறிவிடும். அதிர்வெண் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் அக்கால்களில் நேரடியாக அளக்கலாம். இல்லாவிட்டாலும் சாதாரண மல்டிமீட்டர் ஏறத்தாழ 2 வோல்ட் காட்டினால் கடிகாரம் துடிக்கிறது என்றும், 0 அல்லது 5 காட்டினால் நின்றுவிட்டது என்றும் கொள்ளலாம்.

வளையச் சோதனையில் எதுவுமே திரும்பவில்லையானால், வெளியீட்டு முனையின் 4ஆம் ஊசிக்கும் 5ஆம் ஊசிக்கும் இடையே ஒரு எல்.இ.டி. விளக்கை, நேர்முனை 4ஐத் தொடுமாறு பிடித்து, தொடர்ந்து பைட்டுகளை அனுப்பிப் பார்க்க வேண்டும். விளக்கு மினுமினுத்தால் குறை உள்ளீட்டுப் பக்கம் இருக்கிறது. ஓயாமல் எரிந்தால் வெளியீடு ஒரே நிலையில் சிக்கியிருக்கிறது. எரியவே இல்லையானால் 220 ஓம் மின்தடைகளையும் இயக்கிச் சில்லையும் பார்க்க வேண்டும். உள்ளீட்டுப் பக்கத்தில் கணினியையும் இசைக்கருவியையும் மின்னளவில் பிரித்து வைக்கும் ஒளியிணைப்பி, ஆப்டோகப்ளர் என்று கடைகளில் வழங்குவது, பெரும்பாலும் 6என்138 ஆக இருக்கும். அதற்கு மாற்றாக எங்கும் மலிவாகக் கிடைக்கும் பிசி817ஐப் பொருத்துதல் கூடாது. ஒரு பிட்டின் நீளமே 32 மைக்ரோநொடிதான் எனும்போது, அணைவதற்குக் காலம் எடுத்துக்கொள்ளும் அச்சில்லு பிட்டுகளின் ஓரங்களைச் சிதைத்து, நிலைப் பதிவகத்தில் 19ஐ வரவழைக்கும்.

கம்பிவடமும் விசைப்பலகையும்

மிடிக்குப் பயன்படும் ஐந்து ஊசிச் செருகி, பழைய டேப் ரெக்கார்டர் கம்பிகளிலும் இருந்ததே. ஆனால் அவற்றுள் சில நேருக்கு நேர் இணைக்கப்படாதவை. சிலவற்றில் 4, 5ஆம் ஊசிகளுக்குக் கம்பியே இராது. பிபிசி மைக்ரோவின் பின்புறம் உள்ள ஏழு துளை கேசட் முனையிலும் மிடி செருகி தடையின்றி நுழைந்துவிடும் என்பதை மறக்கலாகாது. 4, 5ஆம் ஊசிகள் இடம் மாறியிருந்தால் உள்ளீட்டில் உள்ள காப்பு டையோடு சேதத்தைத் தடுத்துவிடும். ஒலி வராது, அவ்வளவே. கம்பிவடம் 15 மீட்டருக்கு மேற்படக் கூடாது.

இன்று இந்தியச் சந்தையில் விற்கும் விசைப்பலகைகள் பலவற்றில் ஐந்து துளை முனை இல்லை. யுஎஸ்பி முனை மட்டுமே உள்ளது. ஐந்து ஊசி ஒருபுறமும் யுஎஸ்பி மறுபுறமும் உள்ள மலிவுக் கம்பிவடத்தால் அவற்றைப் பிபிசியோடு இணைக்க முயல்வது பயன் தராது. விசைப்பலகையும் அக்கம்பிவடமும் ஒரு கணினிக்கு அடங்கி நடக்க வேண்டிய சாதனங்கள் என்பதால், இடையே யுஎஸ்பி தலைமைப் பெட்டி ஒன்று இருந்தாலொழிய உரையாடல் தொடங்காது. மலிவுக் கம்பிவடங்களில் 'உள்', 'வெளி' என்று அச்சிட்டிருப்பது அந்தச் செருகியின் தன்மையைக் குறிக்கிறதா, அது செருகப்பட வேண்டிய முனையைக் குறிக்கிறதா என்பதும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். இடம் மாற்றிச் செருகிப் பார்ப்பதில் ஆபத்து ஏதும் இல்லை.

சுரம் எழுப்பிப் பார்த்தல்

இணைப்புகள் தேறியபின், 144, 60, 64 ஆகிய மூன்று எண்களைத் தரவுப் பதிவகத்தில் வரிசையாக எழுதினால் முதல் தடத்தில் ஒரு கட்டைச் சுருதியின் ஷட்ஜம் ஒலிக்க வேண்டும். 144, 60, 0 என்று எழுதினால் அடங்க வேண்டும். ஒலிக்காவிட்டால் விசைப்பலகை வேறு தடத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறதா என்று அதன் அமைப்புகளில் பார்க்க வேண்டும். ஒலித்த சுரம் அடங்காமல் நீண்டால், அடக்கும் செய்தி வழியில் தொலைந்திருக்கிறது. 176, 123, 0 என்று எழுதினால் அத்தடத்தின் சுரங்கள் அனைத்தும் ஓயும். பெறும் திசையில் அடிக்கடி பைட் தொலைந்தால் கணினியின் வேகத்தையே ஐயுற வேண்டும். 320 மைக்ரோநொடி என்பது இச்செயலிக்கு 640 கடிகாரத் துடிப்புகள்தான். அதற்குள் படித்தாக வேண்டிய வேலையைப் பேசிக் மொழியால் செய்ய இயலாது. பல விசைப்பலகைகள் ஒருவரும் தொடாதபோதும் 300 மில்லிநொடிக்குள் ஒருமுறை அனுப்பிக்கொண்டிருக்கும் 254 என்ற எண், 'இணைப்பு உயிருடன் இருக்கிறது' என்னும் அறிவிப்பே. நிரல் அதனைப் புறக்கணிக்குமாறு எழுதப்பட வேண்டும்.

கருநாடக இசைக்காக இதனை இணைப்போர், பழுதல்லாத ஒன்றைப் பழுதென்று தேடும் இடமும் இருக்கிறது. 60, 67 ஆகிய எண்களால் ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் ஒலிக்கச் செய்து, அருகில் மின்னணுத் தம்பூராவை வைத்தால், பஞ்சமம் நொடிக்கு ஏறத்தாழ ஒரு முறை அலைவது கேட்கும். பெங்களூரைச் சேர்ந்த ஜி. ராஜ்நாராயணின் ரேடல் நிறுவனக் கருவிகளைப் போன்றவற்றைக் காதுக்குச் சேரும்படி நுண்மையாகச் சரிசெய்துகொள்ளலாம். விசைப்பலகையின் சமப் பகுப்புச் சுருதியிலோ பஞ்சமம் தூய நிலையைவிட 2 செண்ட், அதாவது அரைச்சுரத்தின் ஐம்பதில் ஒரு பங்கு, தாழ்ந்திருக்கிறது. பஞ்சமத்தை இரண்டாம் தடத்துக்கு மாற்றி, 225, 80, 64 என்ற சுருதி வளைப்புச் செய்தியை அத்தடத்துக்கு அனுப்பினால், வளைப்பின் எல்லை வழக்கமான இரண்டு அரைச்சுரமாக இருக்கும்வரை அலைவு மறைந்துவிடும். வளைப்பு ஒரு தடம் முழுவதையும் பாதிப்பதால் ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் ஒரே தடத்தில் வைத்தல் இயலாது.

கமகம் வேறு கணக்கு. ஒரு வளைப்புச் செய்தி செல்ல ஏறத்தாழ ஒரு மில்லிநொடி ஆவதால், கம்பிவடம் நொடிக்கு ஆயிரம் அசைவுகளுக்கு இடம் தருகிறது. காம்போதியின் ஓர் அசைவுக்கு அது தாராளம். படிக்கட்டு ஏறுவதுபோல் கமகம் தத்தித் தத்தி ஒலித்தால் குறை இடைமுகத்திலோ கம்பிவடத்திலோ இல்லை, பேசிக்கின் மந்தத்தில் இருக்கிறது. பிபிசி பேசிக்கினுள்ளேயே அசெம்பிளர் அமைந்திருப்பதால், அனுப்பும் பகுதியை மட்டும் அதில் எழுதிக்கொள்வதே தக்க வழி. அதற்கு மனமில்லாதவர்கள் சுருதி, தாளம், சரளி வரிசை ஆகியவற்றோடு இந்தக் கணினியை நிறுத்திக்கொள்ளலாம். அவ்வளவுக்கு அது குறைவின்றி உழைக்கும்.